முப்பத்தெட்டாவது புட்டி

ஜனவரி 11

குட்டிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம், கோழிகள்தான் சுகமில்லை. உன் உடம்பு எப்படி? நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அண்ணி கேட்கச் சொன்னாள். "நீங்க கோழிக்குத் தீனி போடுறீங்க, உங்க தங்கச்சி கிருமிக்குத் தீனி போடுறா. இந்தக் குடும்பத்துல மனுசனுக்கு ஆக்கிப் போடுறவ நான் ஒருத்திதான்" என்கிறாள்.

மூன்றாவது கொட்டகையில் புதிதாக இரண்டாயிரம் கோழிகள் இறக்கியிருக்கிறேன். வந்த நாள் முதல் கழிச்சல். காலையில் கதவைத் திறந்தால் பத்து, பதினைந்து கோழிகள் செத்துக் கால் நீட்டிக் கிடக்கின்றன. மிச்சம் நன்றாகவே முட்டையிடுகின்றன. விடுதிப் பள்ளிக்கு இனி நம் பண்ணை முட்டைதான். முந்நூறு பிள்ளைகள் நம் முட்டையைத் தின்று வளரப் போகிறார்கள். அப்பா இருந்திருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

லீவு கிடைத்தால் வா. கிருமிகள் நாலு நாள் உன்னை விட்டுப் பிரிந்து இருந்தால் செத்துவிடாது.

அன்புடன்,
அண்ணன்

ஜனவரி 19

என் அண்ணனுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், சளி மட்டும் விடவில்லை. மூன்று வேளையும் சாப்பிடுகிறேன் என்று அண்ணிக்குச் சொல்.

என் பாழாய்ப்போன வேலையைப் பற்றி நீ கேட்டதே இல்லை. எல்லா ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு நோயாளிகளின் மாதிரி அடைத்த புட்டிகள் வரும். மேலே "சால்மோனெல்லா" என்று பேதிக் கிருமியின் பெயர் எழுதியிருக்கும். அது, "திருடினது ஒரு ஆள்" என்று போலீசில் சொல்வது மாதிரி. எந்த ஆள்? அதில் இரண்டாயிரத்துக்கும் மேல் வகை இருக்கிறது. ஒரு கண்ணாடித் துண்டில் கிருமியைக் கரைத்து, முயல் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு விட்டு, மெல்ல ஆட்டுவேன். பொருந்தினால் ஒரு நிமிஷத்துக்குள் பால் திரிவது போலத் திரியும். கிருமியின் உடம்புக்கு ஒரு எண், அது நீந்துகிற வாலுக்கு ஒரு எண். இரண்டும் சேர்ந்தால்தான் இன்னார் என்று கையெழுத்துப் போட முடியும்.

கழிச்சலை அசட்டையாக விடாதே. ஒரு புட்டியைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, கொட்டகைத் தரையைப் பஞ்சால் ஒற்றி, அதில் போட்டு மூடி எனக்கு அனுப்பு. உன்னால் ஆகாவிட்டால் அண்ணியிடம் சொல், அவள் சுத்தமாகச் செய்வாள். என்னைப் படிக்க வைத்ததற்கு இதையாவது உனக்குச் செய்து தருகிறேனே.

உன்
குட்டி

பிப்ரவரி 8

குட்டிக்கு,

நீயாவது நலமாக இருக்க வேண்டும். இங்கே ஊரே நலமில்லை.

விளையாட்டுப் போட்டிக்கு முந்தின நாள், பிள்ளைகளுக்குத் தெம்பு வேண்டும் என்று விடுதியில் பாலில் பச்சை முட்டை அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மறுநாள் மைதானத்திலேயே சுருண்டு விழ ஆரம்பித்தார்கள். வாந்தி, பேதி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பாய் விரிக்கக்கூட இடமில்லை. நாலு பிள்ளைகள் போய்விட்டன.

நேற்று நான் அங்கே இருந்தேன். ஒரு தகப்பன் மகளைத் தூக்கி வந்து மேசையில் கிடத்தினான். டாக்டர் நாடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவன் சலைன் மாட்டும் இரும்புக் கம்பியைப் பிடுங்கி டாக்டர் முகத்தில் இறக்கினான். இரண்டு பல் தரையில் உருண்டது. அப்புறம் ஆளாளுக்கு அடித்தார்கள். கம்பவுண்டரை ஜன்னல் கண்ணாடி வழியாக வெளியே தள்ளினார்கள். அவர் கழுத்தில் பதினெட்டுத் தையல்.

யார் செய்தது, யார் செய்தது என்று ஊர் வெறி பிடித்துத் திரிகிறது. என் முட்டையைப் பற்றிக்கூட நாலு பேர் பேசுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சமையல்காரனையும் சோதித்திருக்கிறார்களாம். புட்டி எல்லாம் உன்னிடம்தானே வரும்? அவனுக்கு என்ன வந்தது? எனக்கு மட்டும் சொல். உடனே எழுது.

அண்ணன்

பிப்ரவரி 12

அண்ணா,

நீயும் அண்ணியும் பத்திரமா? அவளை வெளியே அனுப்பாதே. நேரமில்லாததால் ஆபீஸ் தாளிலேயே எழுதுகிறேன்.

புட்டிகள் வந்துவிட்டன. முப்பத்தேழு பிள்ளைகளுடையவை. முப்பத்தெட்டாவது சமையல்காரருடையது. சொல்லக் கூடாதுதான், நீ பதறிப்போய்க் கேட்டதால் சொல்கிறேன். பிள்ளைகளின் கிருமியை வளர்த்த கண்ணாடித் தட்டுகளில், நடுவில் கருப்பு விழுந்த புள்ளிகள் முளைத்திருக்கின்றன. சமையல்காரரின் தட்டிலும் அதே மாதிரி முளைத்திருக்கிறது. அவர் உடம்பிலும் சால்மோனெல்லா இருக்கிறது.

(மறுபக்கம்)

ஆனால் இதற்கு இப்போது ஒரு அர்த்தமும் இல்லை. நோயே இல்லாமல் இந்தக் கிருமியைச் சுமந்து திரிகிறவர்கள் எத்தனையோ பேர். வகை பார்த்தால்தான் பிள்ளைகளைக் கொன்றதும் அவரிடம் இருப்பதும் ஒன்றா என்று தெரியும். ஐந்தாறு நாள் ஆகும். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே.

அந்தப் பாலில் ஊற்றியது நம் முட்டையா, அண்ணா? கொட்டகைப் பஞ்சு இன்னும் வரவில்லை.

குட்டி

பிப்ரவரி 19

அண்ணனுக்கு,

நீங்கள் நலம்தானே? ஒரு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நல்ல செய்தி. உடல் எண்ணை வைத்துக் கிருமிகளை ஏ, பி, சி, டி என்று தொகுதி பிரிப்போம்; பிள்ளைகள் முப்பத்தேழு பேரின் கிருமியும் டி தொகுதி. ஒரே உடல் எண், ஒரே வால் எண். முப்பத்தெட்டாவதை எடுத்து டி சீரம் விட்டேன். ஆட்டினேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். திரியவே இல்லை. சி சீரம் விட்டதும் உடனே திரிந்தது. வேறு தொகுதி, வேறு வால். என்றைக்கோ எங்கேயோ அவர் வயிற்றில் ஒட்டிக்கொண்டது அது. இந்தப் பிள்ளைகளுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். டைரக்டர் கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தந்தி கொடுத்துவிட்டார்.

ஊரில் அந்த மனிதரைப் பார்த்தால், பயப்பட வேண்டாம் என்று நீயே சொல்லிவிடு. பாவம், தூங்கியிருக்க மாட்டார்.

இந்த டி வகை கோழியிலும் முட்டையிலும் இருக்கக் கூடியது. இன்னொரு தடவை கேட்கிறேன்: மூன்றாவது கொட்டகை எப்படி இருக்கிறது?

குட்டி

பிப்ரவரி 21

குட்டிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமென்று நம்புகிறேன்.

சமையல்காரன் செத்துவிட்டான். பதினேழாம் தேதி மத்தியானம். அவனுக்குக் கிருமி இருக்கிறது என்று எப்படியோ செய்தி பரவிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் முந்நூறு, நானூறு பேர் கூடிவிட்டார்கள். யாரோ கேட்டை உடைத்தார்கள். சமையலறையில் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். தூணைக் கட்டிக்கொண்டான். ஒருவன் விறகுக் கட்டையால் விரல் விரலாக அடித்துப் பிரித்தான். அப்புறம் முற்றத்தில் போட்டு மிதித்தார்கள். "நான் சொல்றதக் கேளுங்க, நான் சொல்றதக் கேளுங்க" என்றே கத்திக்கொண்டிருந்தான். எவனோ ஒருவன் மண்டையில் அடித்தான், அதோடு நின்றுவிட்டது. அவன் பெண்டாட்டி வந்து சேர்ந்தபோது முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

நான் தூரத்தில் நின்றிருந்தேன். தடுக்கிற நிலைமையா அது? கை மீறிப் போய்விட்டது.

உன் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை வந்த அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு. சளிக்கு மருந்து சாப்பிடு.

அண்ணன்

பிப்ரவரி 28

அண்ணா,

அண்ணியின் உடம்பு எப்படி இருக்கிறது? உன் உடம்பைப் பற்றி இன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

யாரோ உடைத்தார்கள், எப்படியோ பரவியது, எவனோ அடித்தான். உன் கடிதத்தில் ஓர் ஆளுக்குக்கூட முகமில்லை. முப்பத்தெட்டாவது புட்டியில் கிருமி முளைத்தது பதினேழாம் தேதி வரை எனக்கும் டைரக்டருக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும். டைரக்டர் இந்த ஊரை விட்டு நகரவில்லை. யாரோ ஒருவர் சர்க்கார் தாளை உயர்த்திப் பிடித்து வாசித்துக் காட்டியதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது. யார் வாசித்தது?

நான் எழுதிய கையை வெட்டிப் போட வேண்டும் போலிருக்கிறது.

சுகாதார அதிகாரி உன் பண்ணைக்கு வந்தாராம். மூன்றாவது கொட்டகை காலி, தரையில் புதுச் சுண்ணாம்பு, மற்ற இரண்டும் சுத்தம் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கோழிகள் எங்கே போயின? பிள்ளைகளின் கிருமி என் குளிர் அறையில் இருக்கிறது. அது இருக்கும் வரை எந்தப் பண்ணைக் கோழி வந்தாலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

எழுது. நீயாக எழுது.

குட்டி

ஏப்ரல் 9

அண்ணனுக்கு,

நாற்பது நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் நேற்று ஆள் வந்தது.

காலை பதினொரு மணி. நான்கு பேர், கையில் இரும்புத் தடி. வாசலில் தடுத்த, கிருமி வளரும் ஊடகம் தயாரிக்கிற அறைக்காரருக்கு முதல் அடியிலேயே முழங்கை ஒடிந்தது. கிருமிகளுக்கு முப்பது வருஷமாகக் கஞ்சி காய்ச்சுகிற மனிதர் அவர். கொதித்துக்கொண்டிருந்த அந்தக் கஞ்சியை அவர் மடியிலேயே கவிழ்த்தார்கள். தோல் வேட்டியோடு சேர்ந்து உரிந்து வந்தது. குளிர் அறையை உடைத்து, தட்டு, குழாய், சீரப் புட்டி ஒன்று விடாமல் தரையில் போட்டு நொறுக்கினார்கள். சீரத்துக்காக வளர்த்த முயல்களைக் கூண்டோடு சுவரில் அடித்தார்கள்.

நான் குறுக்கே போனேன். ஒருவன் தடியை ஓங்கினான். இன்னொருவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், அவங்கள விடு" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஓரமா நில்லுங்கம்மா. உங்க மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பியிருக்காரு" என்றான்.

அப்படிச் சொல்லி அனுப்ப உலகத்தில் எனக்கு ஒரே ஓர் ஆள்தான் இருக்கிறார்.

ஒன்று தெரிந்துகொள். எந்தக் கிருமியையும் நாங்கள் ஒரே இடத்தில் வைப்பதில்லை. பிள்ளைகளின் கிருமியில் இன்னொரு பங்கு சின்னக் குழாய்களில் அடைத்து, அரக்கு வைத்து, வேறொரு கட்டிடத்தில் பத்திரமாக இருக்கிறது.

குட்டி

ஏப்ரல் 15

என் குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? நான் உயிரோடு இருக்கிறேன். இடது காது கேட்கவில்லை, அது போகட்டும். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

விடுதியில் பால் கொடுத்த அன்று காலையில் சமையல்காரர் நம் கேட்டுக்கு வந்தார், தலையில் ஒரு கூடையோடு. "அம்மா, முட்டை பாதி விரிசல், நாத்தம் வேற. மேல கோழி எச்சம் அப்பியிருக்கு. வார்டன் மிச்சத்தையாவது ஊத்துன்னு அடம் பிடிக்கிறாரு. ஐயாகிட்ட சொல்லி மாத்திக் குடுங்க" என்றார். இவர் வெளியே வந்து, "கோழி முட்டை கோழி மாதிரிதான் நாறும், போய்யா" என்று துரத்திவிட்டார். அந்த மனிதர் கூடையை வைத்துவிட்டுப் போனார். அதில் கொஞ்சத்தை நான் ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்தேன். ஏன் வைத்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

பதினாறாம் தேதி உன் கடிதம் வந்தது. இரண்டு பக்கத்தையும் படித்தார். அன்று சாயங்காலம் நாலு பேர் வந்து, "உன் முட்டைதான்னு பேசிக்கிறாங்க" என்று சட்டையைப் பிடித்தார்கள். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் இவர் சுவர்மேல் ஏறி நின்று உன் தாளை விரித்து, முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார். "என் தங்கச்சி எழுதினது, பாருங்க சர்க்கார் முத்திரை" என்று காட்டினார். நான் ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். அப்போதுதான் காதில் அறைந்தார்.

எவனோ மண்டையில் அடித்தான் என்று உனக்கு எழுதினாராமே. அந்த எவனோ யார் என்று நான் பார்த்தேன். தீவனம் அள்ளுகிற மண்வெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, குழாயடியில் வைத்துக் கழுவினார். நீ எழுதிய தாளையும் அவர் கிழிக்கவில்லை. என்னிடம் இருக்கிறது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கூடையோடு நாளைக்கு பஸ் ஏறுகிறேன். சுகாதார அதிகாரியை வரச் சொல், அவர் முன்னால் சீல் வையுங்கள்.

அண்ணி

மே 6

அண்ணா,

அண்ணி என்னோடு இருக்கிறாள். இனி அந்தக் காது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூடையில் பதினொரு முட்டைகள் இருந்தன. என் கை இதில் படக் கூடாது என்று எண் மட்டும் ஒட்டி வேறொருவரிடம் கொடுத்தேன். எது முட்டை, எது பிள்ளை என்று அவருக்குத் தெரியாது. டி தொகுதி. அதே உடல், அதே வால். கிருமியைத் தின்னும் வைரஸ்களை வரிசையாக மேலே விட்டுப் பார்த்தோம், எது தின்றது, எது தின்னவில்லை என்பதுகூட அச்சாக ஒன்று. அறிக்கை தயார்.

பத்தாம் தேதி அது வெளியே போகும். அன்றைக்கு ஊர் உன்னைத் தேடி வரும், அந்த மனிதரைத் தேடிப் போன அதே ஊர். அதற்கு முன் ஸ்டேஷனுக்குப் போய் நீயாகச் சொல்லிவிடு. ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறேன், இன்றே உனக்குக் கிடைக்கும்; நான்கு நாள் இருக்கிறது. உன்னைத் தூக்கில் போட்டாலும் அது கோர்ட் போடட்டும். தெருவில் நீ அடிபட்டுச் சாவதை நான் விரும்பவில்லை. நீ செய்தது எல்லாம் தெரிந்த பிறகும் விரும்பவில்லை.

அண்ணி கொண்டுவந்த என் கடிதத்தையும் டைரக்டரிடம் கொடுத்துவிட்டேன். சொல்லக் கூடாததை எழுதியவள் நான். இன்று முதல் வேலையில்லை.

குட்டி

ஜூன் 20

குட்டிக்கு,

ஜெயில் ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறேன். உடம்பு எப்படி என்று நீ கேட்க மாட்டாய், நானே சொல்கிறேன். வலது கண் போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வரவில்லை.

நீ கொடுத்த நான்கு நாளும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு நாளும் சட்டையை மாட்டி, செருப்பைப் போட்டு, கேட் வரை போய்த் திரும்பினேன். பத்தாம் தேதி வந்தார்கள். கொட்டகைகளைப் பூட்டிவிட்டுத் தீ வைத்தார்கள். நாலாயிரம் கோழி எரிகிற சத்தம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிய வேண்டாம். என்னைத் தரையில் போட்டு அடித்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு என் பக்கத்தில் நின்று கத்தியவர்கள். ஒருவன் குரல்கூட மாறவில்லை. போலீஸ் வந்து வானத்தில் சுட்ட பிறகுதான் விட்டார்கள்.

இப்போது முகம் வைத்தே எழுதுகிறேன். கேட்டை நான் உடைக்கச் சொன்னேன். தாளை நான் வாசித்தேன். பயமுறுத்தி ஊரை விட்டு ஓட வைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே கிடந்தவன் என்னைப் பார்த்துவிட்டான். என் பக்கம் கையை நீட்டி, "முட்டை" என்றான். அடுத்த வார்த்தை வருவதற்குள் நான் மண்வெட்டியை வீசினேன். ஆய்வுக்கூடத்துக்கு ஆள் அனுப்பியதும் நான்தான். உன்மேல் கை படக் கூடாது என்று நாலு தடவை சொல்லி அனுப்பினேன். அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட்டிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். அண்ணியை என்னைப் பார்க்க வர வேண்டாம் என்று சொல். அவளுக்கு வர விருப்பம் இருக்காது, ஆனாலும் சொல்.

அண்ணன்

ஆகஸ்ட் 3

ஆய்வுக்கூடத்து அம்மாவுக்கு வணக்கம்.

நீங்கள் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் சமையல்காரரின் மனைவி. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள்.

கோர்ட்டில் உங்கள் அறிக்கையை வாசித்தார்கள். சி, டி, உடம்பு, வால் என்று என்னென்னவோ வந்தது. வக்கீல் தலையாட்டினார். ஊருக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் அண்ணன் மேல் தப்பு என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். "ஆனாலும் சமையல்காரனுக்கும் கிருமி இருந்துச்சுல்ல?" என்றும் சொல்கிறார்கள். நான் பாத்திரம் தேய்க்கப் போன மூன்று வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் மகள் தண்ணீர் குடித்த தம்ளரை வேறு பிள்ளைகள் தொடுவதில்லை.

அன்றைக்குக் கூட்டத்தில் வாசித்த தாள் உங்கள் கையெழுத்து என்று கோர்ட்டில் காட்டினார்கள். அதை நீங்களே போய்ச் சொன்னீர்கள் என்றும் சொன்னார்கள். அதற்கு உங்களிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். எண், எழுத்து எதுவும் வேண்டாம். "இந்தச் சமையல்காரர் செய்யவில்லை" என்று ஒரே வரி, பெரிய எழுத்தில், நீங்களே எழுதித் தர வேண்டும். உங்களுக்கு வேலை போய்விட்டது என்றார்கள். அப்படியானால் முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும். கையெழுத்து மட்டும் அதே கையெழுத்தாக இருக்கட்டும். நாலு தாள் வேண்டும். பள்ளிக்கூட வாசலுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, கடைத்தெருவுக்கு ஒன்று, எங்கள் கதவுக்கு ஒன்று. ஒட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மழை தொடங்கப் போகிறது. கரையாத மையில் எழுதுங்கள்.